பால் காய்ச்சாத வீடு

ஜூன் 12, வியாழன்

இந்த நாட்குறிப்பு என் கைக்கு வந்த கதையை முதலில் எழுதிவிடுகிறேன். ஜனவரியில் பெரிய மனிதர்களுக்குக் கொடுப்பதற்காகக் கம்பெனி அச்சடித்தது. தோல் அட்டை, தங்க விளிம்பு, நடுவில் பட்டு நாடா. ஒன்று மீந்து ஆபீஸ் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. கேட்டேன், எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இவ்வளவு நல்ல தாளில் மளிகைப் பட்டியல் எழுத மனம் வரவில்லை. ஆகவே என்னைப் பற்றி எழுதப் போகிறேன்.

பெயர் அம்சவேணி. வயது நாற்பத்தேழு, பார்த்தால் தெரியாது. கோயம்புத்தூரில் சரவணம்பட்டி தாண்டிப் புதிதாகக் கட்டியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில், வீடு வாங்க வருகிறவர்களுக்கு மாதிரி வீட்டைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. சி பிளாக், மூன்றாவது மாடி, 303. மூன்று படுக்கையறை, சந்தன நிறச் சுவர், தொட்டால் கை வழுக்கும் சோபா. பகலெல்லாம் அந்த வீட்டில் நான்தான் இருக்கிறேன். வேறு யாரும் இல்லை. யோசித்துப் பார்த்தால் அது யாருடைய வீடு?

மாலையில் பேருந்தைப் பிடித்து ராமநாதபுரம் வந்தால் இந்த வாடகை வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை. இவர் வாசலிலேயே யாருடைய கிரைண்டரையாவது குடலை உருவிப் போட்டிருப்பார். இவர் என்றால் என் வீட்டுக்காரர் தங்கராசு. கிரைண்டர் கம்பெனியில் இஞ்சினியர்.

ஒரு திருத்தம். இஞ்சினியர் இல்லை, சர்வீஸ் மெக்கானிக். நல்ல தாளில் பொய் எழுத வேண்டாம்.

ஜூன் 15, ஞாயிறு

காலையிலேயே இவர் சுத்தியலும் ஆணியுமாக நின்றார். கல்யாண போட்டோவைக் கூடத்தில் மாட்ட வேண்டுமாம்.

"ஒரே ஒரு ஆணி வேணி. பையன் ஓசூருக்கு வேலைக்குப் போனதுல இருந்து வூடு வெறிச்சுனு இருக்குது."

"வாடகை வூட்டுச் சொவத்துல ஆணி அடிக்க வேண்டாமுங்க. நாளைக்கே சொந்த வூட்டுக்குப் போறப்ப புடுங்கோணும்."

"நாளைக்கு நாளைக்குனு ஒம்பது வருசமாச்சு."

ஆகட்டுமே. இந்த வீட்டுக்கு வந்த அன்று நான் பால்கூடக் காய்ச்ச விடவில்லை. வாடகை வீட்டுக்கும் எல்லோரும் காய்ச்சுகிறார்கள்தான். ஆனால் பால் காய்ச்சினால், இதுதான் நம் வீடு என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஆறே மாதம், சொந்த வீட்டில் காய்ச்சிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். முதல் நாள் கடையில் டீ வாங்கிக் குடித்தோம். போட்டோ பழையபடி பீரோவுக்குள் போய்விட்டது. இவர் ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிரைண்டரிடம் போய்விட்டார். மேல் வீட்டில் இன்றும் எதையோ உருட்டினார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

செவ்வாய் எங்கள் சைட்டுக்கு வார விடுமுறை. சும்மா இருக்கும் நேரத்தில் 303இன் ரகசியங்களை எழுதி வைக்கிறேன். மேனேஜர் பிரதாப் பார்த்தால் பல்லைக் கடிப்பார்.

கூடையில் இருக்கும் பழங்கள் பிளாஸ்டிக். அலமாரியில் இருக்கும் புத்தகங்களுக்கு முதுகு மட்டும்தான். சாப்பாட்டு மேஜைத் தட்டுகளை யாரும் தூக்கிப் போகாமலிருக்கப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஏ, பி பிளாக்குகளில் ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். சி பிளாக்குக்கு மின்சாரம் மட்டும்தான் வந்திருக்கிறது. குழாயில் தண்ணீர் கிடையாது, அடுப்புக்குக் கேஸ் கிடையாது. எல்லாவற்றையும்விடப் பெரிய ரகசியம் கட்டில். ஐந்தடிதான். சோபா, மேஜை, எல்லாமே ஒரு பிடி குறைத்துச் செய்யச் சொன்னவை. அப்போதுதான் அறை பெரிதாகத் தெரியும். நான் குள்ளம். ஆகவே அந்த வீட்டில் எனக்கு எல்லாம் அளவாக இருக்கிறது.

யாரும் வராத மத்தியானங்களில் அந்தக் கட்டிலில் கால் மணி நேரம் படுப்பதுண்டு. முதுகு வலிக்காகத்தான்.

ஜூலை 4, வெள்ளி

சுலோச்சனா போன் செய்தாள், முப்பது வருடத்துக்குப் பிறகு. பொள்ளாச்சி ஹாஸ்டலில் எனக்குப் பக்கத்துக் கட்டில் அவளுடையது. கொடிக்கம்பம் மாதிரி உயரமாக இருப்பாள். இப்போது கோபியில் நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவோடு இருந்தாள், போன வருடம் அம்மாவும் போய்விட்டார்கள்.

"நீ எங்க இருக்கற அம்சா?"

"சரவணம்பட்டிப் பக்கம். அபார்ட்மெண்ட்ல."

"சொந்தமா?"

"இப்பத்தான் குடிவந்தோம்."

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பதை அவள் கவனிக்கவில்லை. ஹாஸ்டலிலும் அப்படித்தான். மில் முதலாளி மகள் என்று சொன்னேன், நம்பினாள். அப்பா மில்லில் இருந்தது உண்மை, வாட்ச்மேனாக. மாதக் கடைசியில் முதலாளி மகளுக்குத் தலைக்கு எண்ணெய் இருக்காது. சுலோவின் பாட்டிலில் கை வைப்பேன். பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஜூலை 16, புதன்

அடுத்த செவ்வாய் சுலோ வருகிறாள், வீட்டைப் பார்க்க. அன்று சைட்டில் யாரும் இருக்க மாட்டார்கள், 303 சாவி என்னிடம். ஒரே ஒரு மத்தியானம், யாருக்கும் நஷ்டமில்லை. இவரிடம் பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

கால் ஓய்ந்துவிட்டது, ஆனாலும் எழுதியே தீர வேண்டும்.

காலையில் இரண்டு கேன் தண்ணீரை லிஃப்டில் ஏற்றினேன். வீட்டில் செய்த அரிசிம்பருப்புச் சோற்றைத் தூக்குப்போசியோடு துண்டில் சுற்றி, வேலை செய்யாத மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைத்தேன். கூடத்தில் இருந்த போட்டோச் சட்டத்தில் யாரோ வெள்ளைக்காரக் குடும்பம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு எங்கள் கல்யாண போட்டோவைப் பொருத்தினேன். இருபத்து நான்கு வருடத்தில் அந்தப் போட்டோ முதன்முறையாகச் சுவரில் ஏறியது. நன்றாகத்தான் இருந்தது.

சுலோ வந்தாள். தலை பாதி நரைத்திருக்கிறது, சாயம் பூசவில்லை. ஒவ்வொரு அறையாக, சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தாள். "நீ நல்லாருக்கற அம்சா. எனக்கு அது போதும்," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் ஜன்னல் திரையைச் சரிசெய்தேன்.

சாப்பிட உட்கார்ந்ததும் தட்டை எடுக்கப் போனாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தாள்.

"அது அலங்காரத் தட்டு சுலோ. எலையில உண்ணலாம்," என்று வாழையிலையை விரித்தேன்.

சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சாய்கிறேன் என்று கட்டிலில் படுத்தாள். முழங்காலுக்குக் கீழே பாதி வெளியே தொங்கியது. "ஏன் புள்ள, உன்ற கட்டிலு என்னைய வேண்டாங்குது," என்று சிரித்தாள். ஜப்பான் மாடல் என்று சொன்னேன். பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். பிளம்பர் வந்து பிரித்துப் போட்டிருக்கிறான் என்று பி பிளாக்கின் பொதுக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனேன். அதையும் நம்பினாள்.

அதற்குப் பிறகுதான் பையைத் திறந்தாள். உள்ளே ஒரு பால் பாக்கெட், கைப்பிடி அளவுக்கு வெல்லம், புதுப் பித்தளைப் பாத்திரம் ஒன்று. பாத்திரத்தின் கழுத்தைச் சுற்றிப் பெயர் வெட்டியிருந்தது: அம்சவேணி தங்கராசு, புதுமனை புகுவிழா.

"நீ பால் காச்சினப்ப நான் இல்ல. இப்ப ஒருக்கா காச்சிரலாம். அடுப்பப் பத்த வை."

அடுப்பின் குமிழ்கள் பளபளவென்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. கடவுள்தான் வாயில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"இது ஆடி மாசம் சுலோ. புது வூட்டுல பால் காச்சப்படாது."

"அட ஆமா," என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஆவணில வர்றேன். பாத்தரம் உங்கிட்டயே இருக்கட்டும்."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே எதிர்க் கதவைப் பார்த்து, 304இல் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். இன்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

இவர் பெங்களூர் போயிருக்கிறார் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். வீட்டுக்கு வந்தபோது வாசலில் உட்கார்ந்து பழைய சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அரிசிம்பருப்பு முழுவதையும் நான் தூக்கிப்போய்விட்டேன்.

ஜூலை 23, புதன்

போட்டோவைக் கழற்ற மறந்துவிட்டேன். வாடிக்கையாளர் அம்மா ஒருத்தி, "மாப்பிள்ளை மூஞ்சி களையா இருக்குது, யாருங்க இது?" என்றாள். சும்மா அலங்காரத்துக்கு வைத்தது என்றேன். சொன்ன பிறகு கழற்றத் தோன்றவில்லை. அங்கேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடி நோம்பி, பதினெட்டாம் பெருக்கு. வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டேன். இவர் பீரோவைக் குடைந்துவிட்டு, "போட்டோ எங்க வேணி?" என்றார். லேமினேஷனுக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். முகம் மலர்ந்துபோய்விட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சுலோ விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாளாம். 304ஐ வாங்கப் போகிறாளாம்.

"உன்ற கதவத் தொறந்தா என்ற கதவு. அம்மா போனதுக்கப்பறம் பேச்சுத் தொணைக்கு ஆளில்லாம கெடக்கறேன் அம்சா. நீ இருக்கறன்னா நான் கண்ண மூடிட்டு வந்துருவேன்."

இருபத்தொன்றாம் தேதி வந்து பார்த்துவிட்டு, ஆவணி முகூர்த்தம் இருபத்தொன்பதாம் தேதி கையெழுத்து. அன்றே 303இல் பால் காய்ச்ச வேண்டுமாம்.

பிரதாப்பிடம் தோழி ஒருத்தி வாங்குகிறாள் என்று மட்டும் சொன்னேன். எழுந்து நின்று கை கொடுத்தார். "இனிமே நீங்க சீனியர் மேடம். கம்பெனி கார் உங்க வீட்டு வாசலுக்கே வரும்."

அவளும் வீடு வாங்கப் போகிறவள்தான். எங்கேயாவது வாங்கத்தானே போகிறாள்? நாங்கள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டோம் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 13, புதன்

கார் வந்தது. வெள்ளை நிறம், உள்ளே குளிர். தெருமுனையில் பூக்காரி வாயைப் பிளந்து பார்த்தாள். வேண்டுமென்றே கண்ணாடியை இறக்கி இரண்டு முழம் வாங்கினேன். இந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. பதினெட்டு வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஒன்று கிடைத்த மாதிரி இருந்தது.

சுலோவின் போனை இன்று எடுக்கவில்லை. காரில் சிக்னல் சரியில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. என் சாக்குக்கும் காலம் முடிந்துவிட்டது.

இவர் ஆதார் அட்டையைத் தேடி என் சேலைகளைக் கிளறியிருக்கிறார். நான் பின்பக்கத்திலிருந்து வந்து பார்த்தபோது பித்தளைப் பாத்திரம் அவர் மடியில் இருந்தது. கழுத்தைச் சுற்றியிருந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"என் பேர எதுலயும் வெட்டிப் பாத்ததில்ல," என்றார். "அழகா இருக்குது. எந்த வூடு வேணி?"

எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் எங்கேயும் நிறுத்த முடியவில்லை. போட்டோ எங்கே இருக்கிறது என்பதையும் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பத்து வார்த்தை திருப்பித் திட்டியிருப்பேன், அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

"நானு எங்க போயிருக்கறதாச் சொன்ன?"

"பெங்களூருங்க."

"செரி." பாத்திரத்தை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ள உன்னய நம்பி வேலைய உட்டுட்டு வருதா?" என்று கேட்டார். பாத்திரத்தைத் துண்டால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

கார் வந்தது. தலைவலி என்று திருப்பி அனுப்பிவிட்டுப் பேருந்தில் போனேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

காந்திபுரம் பேருந்து நிலையத்தில் பதினொரு மணிக்குச் சுலோ இறங்கினாள். புதுச் சேலை, கையில் மல்லிகைப் பூ. சரவணம்பட்டி பேருந்து நின்றிருந்தது, அவள் அதை நோக்கி நடந்தாள். நான் அவள் கையைப் பிடித்து ராமநாதபுரம் பேருந்தில் ஏற்றினேன். வழியெல்லாம் எங்கே போகிறோம் என்று கேட்டாள். வீட்டுக்கு என்றேன்.

வாசலில் இரண்டு கிரைண்டர் பிரித்துக் கிடந்தன. இவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "வாங்க, உக்காருங்க," என்று நாற்காலியைத் தட்டிவிட்டு, தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார்.

"யாரு வூடு இது?"

"என்ற வூடு. ஒம்பது வருசமா இங்கதான் இருக்கறேன். அது கம்பெனி வூடு சுலோ, நான் சுத்திக் காட்டற வேலை. அங்க யாருமே குடியில்ல. கட்டில் எல்லாம் அஞ்சடி. அறை பெருசாத் தெரியறதுக்காகச் செஞ்சது. நீ அங்க காலை நீட்டிக்கூடப் படுக்க முடியாது. வாங்காத. இவரு மெக்கானிக்கு. எங்கப்பன் மில்லு வாட்ச்மேனு."

ஒரே மூச்சில் முப்பது வருடத்தையும் சொல்லிவிட்டேன்.

"உங்கப்பன் வாட்ச்மேனுன்னு எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் சுலோ. "மாசக் கடைசில எண்ணெய்ப் பாட்டில நான் எதுக்குக் கட்டில் மேலயே வெச்சுட்டுப் போனேன்னு நெனச்ச?"

கையில் இருந்த மல்லிகைப் பூவை நாற்காலியில் வைத்தாள்.

"அறை பெருசு சிறுசுன்னு நான் கேட்டனா அம்சா? நெஞ்சு வலிச்சாக் கதவத் தட்டறதுக்கு ஒரு ஆளுன்னுதான கேட்டேன். அதுல போயிப் பொய் சொல்லிட்ட."

இவர் சொம்பில் தண்ணீரோடு வந்து நின்றார். அவள் வாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் கோபித்துக்கொண்டு போகிறவர்கள்கூட ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் போவார்கள். அவள் தெருமுனை திரும்பும்வரை இவர் சொம்பை ஏந்திக்கொண்டே நின்றிருந்தார்.

என் வாழ்க்கையில் இன்றைக்குப் பட்ட வெட்கம் வேறு எதற்கும் பட்டதில்லை. ஆனால் அதோடு சேர்த்து மூச்சு முழுதாக உள்ளே போய் வந்தது. அதையும் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பிரதாப்பிடம் நானே சொன்னேன். விடுமுறை நாளில் தோழிக்கு விருந்து வைத்தது, போட்டோ, எல்லாம். "உங்க வயசுக்கு மரியாதை குடுத்துத்தான் மேடம் சும்மா விடறேன்," என்று சாவியை வாங்கிக்கொண்டார். இனி தினமும் அவரிடம் கேட்டு வாங்கி, மாலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேலை போகவில்லை. கார் போயிற்று.

போட்டோவைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு பேருந்தில் வந்தேன். வெள்ளைக்காரக் குடும்பம் மறுபடி பல்லைக் காட்டுகிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

மேல் வீட்டார் காலி செய்துவிட்டார்கள். ஒரு சத்தமும் இல்லை. சுலோவும் போனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை சரியாக வரவில்லை. இவர் ஆறு தின்றார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலை ஏழரை மணி. வேலைக்குக் கிளம்பி வாசல் கதவைத் திறந்தால், சுலோ நிற்கிறாள். கையில் பால் பாக்கெட்.

"இன்னைக்குத்தான முகூர்த்தம்? பாத்தரத்த எடு."

"இது வாடகை வூடு சுலோ," என்று எதையோ உளறினேன்.

"ஒம்பது வருசம் ஒலை வெச்சு உண்டிருக்கற. அப்பறம் என்ன?" செருப்பைக் கழற்றினாள். "கோவம் இன்னும் போகுல. பாலைக் காச்சிட்டு மீதிய வெச்சுக்கலாம். முதல்ல தண்ணி குடு."

இவர் சொம்போடு வந்தார். அண்ணாந்து முழுவதையும் குடித்தாள். எனக்கு அங்கேயே கண்ணில் நீர் கொட்டிவிட்டது.

அடுப்பைக் கழுவிக் கோலம் போட்டேன். பித்தளைப் பாத்திரத்தில் எங்கள் பெயர் கிழக்குப் பார்க்க வைத்து, மூன்று பேரும் அந்தச் சின்னச் சமையலறையில் இடித்துக்கொண்டு நின்றோம். பால் மெல்ல ஏறி, பெயர் வெட்டியிருந்த இடத்தில் வழிந்து, அடுப்பெல்லாம் பொங்கியது. மற்ற நாளாக இருந்தால் யார் துடைப்பது என்று கத்தியிருப்பேன். அடுப்பை அணைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த வீட்டில் இவ்வளவு நாள் நான் குடியிருக்கவில்லை, காத்துக்கொண்டிருந்தேன். இவரையும் காக்க வைத்துவிட்டேன்.

முதல் டம்ளர் சுலோவுக்கு. இரண்டாவதை இவரிடம் நீட்டி, "சுத்தியல் எங்கீங்க?" என்று கேட்டேன். டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டு ஆணியை எடுத்தார். ஜூன் மாதத்து ஆணி. எத்தனை தடவை துவைத்துப் போட்ட சட்டைகளோ, ஆணியை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஆணி அடிக்கும் சத்தத்தில் சுலோ எங்கள் கட்டிலில் போய்ச் சாய்ந்துகொண்டாள். காலை நீட்டிப் பார்த்தாள். பழைய தேக்குக் கட்டில், இவருடைய அப்பா செய்தது. காலுக்குக் கீழே இன்னும் ஒரு சாண் மீதி இருந்தது.

"மேல யாரு? சத்தத்தையே காணம்?"

"காலியா இருக்குதுங்க," என்றார் இவர், ஆணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "சாவி நம்மகிட்டத்தான் குடுத்திருக்காங்க. பாக்கறீங்களா?"

"பாக்கறதுக்கு என்ன," என்று எழுந்தாள். படியில் பாதி ஏறியவள் நின்று, "கட்டில அளந்துதான் வாங்குவேன்," என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதம். பிரதாப் முறைத்தார். வந்த முதல் வாடிக்கையாளர் உயரமான மனிதர், கட்டில் வெகு அழகு என்றார். படுத்துப் பாருங்கள் என்றேன்.

போட்டோ இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. நாளைக்கு நிமிர்த்த வேண்டும்.